பாதி வீட்டுக்காரன்

கக்கூஸ் கதவு திறக்கவில்லை. டென்சில் டாக்கெட் உள்ளே இருந்தான்.

தோளால் இடித்தான். காலால் உதைத்தான். கதவு நிலையோடு இறுகி நின்றது. நேற்று இதே கதவு ஒரு விரலால் தள்ளினால் போய்வந்தது. இன்று யாரோ வீட்டையே முறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது.

கையகல ஜன்னலில் முகத்தை ஒட்டிக் கத்தினான். "பெரியவரே! ஆர்லிஸ் பெரியவரே!"

எதிர் டிரெய்லர் வீட்டு வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஆர்லிஸ். நிலக்கரிச் சுரங்கம் நுரையீரலைத் தின்றுவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் காப்பி, அந்த டிரெய்லர் வரிசையில் போகிறவர் வருகிறவர் மேல் ஒரு கண். அவருக்கு இனி இதுதான் வேலை.

"யாருப்பா அது, கக்கூஸ்லேர்ந்து கூப்பிடறது?"

"நான்தான். கதவு மாட்டிக்கிச்சு."

"நேத்துதான வீட்டை மட்டம் பண்ண?"

"பண்ணேன்."

"அப்புறம் ஏன் மாட்டுது?"

"அதைத் தெரிஞ்சுக்கணும்னா நான் வெளிய வரணுமில்ல!"

ஆர்லிஸ் காப்பியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். ஆக்சிஜன் உருளையைச் சக்கர வண்டியில் இழுத்துக்கொண்டு, கடப்பாரையோடு வந்து நெம்பினார். கதவு திறந்தது. நிலைச்சட்டமும் கூடவே கையோடு வந்தது.

"வா முதலாளி. வாடகை வாங்குற ஆளு வெளிய வர்றப்ப பாக்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு."

முதலாளி என்று கூப்பிட்டால் டென்சிலுக்கு உள்ளூரப் பிடிக்கும், கிண்டலாகவே இருந்தாலும். இருபது வயதில் சுரங்கத்தில் இறங்கியவன். சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் கோழிப் பண்ணை ஆலையில் ராத்திரி ஷிஃப்ட். தொங்கிக்கொண்டு வரும் கோழிகளின் எலும்பை எடுக்கிற வேலை. முழங்கால் ரெண்டும் தேய்ந்துபோனது. நின்று உழைக்கிறவனுக்கு நிற்கிற வரைக்கும்தான் கூலி, வாடகை வாங்குகிறவனுக்கு உட்கார்ந்திருந்தாலும் கூலி என்று ஒருநாள் கோழியின் தொடையைப் பார்த்தபோது அவனுக்குப் புரிந்தது.

டிரெய்லர் வீடுகள் நிற்கிற இந்தப் பார்க்கில் டோர்சி ப்ரூயிட் என்பவன் தன் டபுள்வைடு வீட்டை, அதாவது இரட்டை அகல டிரெய்லரை, அவசரமாக விற்பதாகக் கேள்விப்பட்டான். விலையைக் கேட்டதும் காதில் தேன் பாய்ந்தது. இவ்வளவு மலிவாக ஏன் என்று அந்தத் தேன் பாய்ந்த காது கேட்கவில்லை.

மனைவி லவோனாவுக்குத் தெரியாது. சொல்லவும் முடியாது. ஏற்கெனவே ஈமு வளர்த்தான். வேலி தாண்டி ஓடிய ஈமுவை ஹைவே போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தது. தூண்டில்காரர்களுக்கு மண்புழு விற்றான். வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனான். அப்போதே அவள் சொன்னாள்: "இன்னொரு தடவை எதையாவது வாங்கி முன்னேறலாம்னு தோணினா, முதல்ல உனக்கு ஒரு சவப்பெட்டி வாங்கிடு டென்சில். அது ஒண்ணுதான் வீணாப் போகாது."

வீட்டுக் கூரை மாற்ற வைத்திருந்த பணம் அது. படுக்கையறையில் ஒழுகுகிற இடத்தில் இப்போது வாளி நிற்கிறது. பனி விழுவதற்குள் ஒரு குடித்தனத்தைப் பிடித்து வைத்துவிட்டால், வாடகையைக் காட்டிக் கூரைக்குக் கடன் வாங்கலாம். அப்புறம் லவோனாவிடம் தலைநிமிர்ந்து சொல்லலாம். பனி முந்திக்கொண்டால், வாளியையும் தூக்கிக்கொண்டு அவன் கோழிகளோடுதான் போய்ப் படுக்க வேண்டும்.

ரசமட்டத்தைத் தரையில் வைத்தான். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. கிழக்குப் பக்கம் தூக்கியிருந்தது. வீட்டுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து மேற்குப் பக்கத்தைத் தூக்கினான். ஜன்னல் கண்ணாடி படீரென்று விரிந்தது.

"நல்லாருக்கு," என்றார் ஆர்லிஸ் வாசலிலிருந்து.

மறுநாள் வந்தால் கிழக்கு இன்னும் உயர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் கூடம் படகு மாதிரி சாய்ந்தது. பழைய சுரங்கம் அடியில் உட்காருகிறதா, எலி தோண்டுகிறதா என்று டென்சில் வயிற்றால் ஊர்ந்து அடியில் போய்ப் பார்த்தான். அங்கே, கிழக்கு ஓரத்தில், புத்தம்புதுச் சிமெண்ட் கற்கள். குறுக்கும் நெடுக்குமாக அழகாக அடுக்கி, மேலே ஆப்பு ஜோடி ஜோடியாகச் சொருகி, அவ்வளவு சுத்தமான வேலை. எலி செய்கிற வேலை இல்லை.

"பெரியவரே, இங்க யாராவது வர்றாங்களா?"

"ஆமா. அந்தப் பொம்பள."

"எந்தப் பொம்பள?"

"நீ வேலைக்குப் போனப்புறம் வர்றது. யாரோ கார்ல கொண்டாந்து இறக்கி விடறாங்க. தலையில துணி, மூஞ்சில தூசி மாஸ்க். அடியில பூந்துக்கிட்டு ஜாக்கி போடும். நீ வெச்ச ஆளுன்னு நெனச்சேன்."

"நான் ஏன் ஆள் வெச்சு என் வீட்டையே சாய்க்கப் போறேன்?"

"உன் தொழில்ல எனக்கு என்னப்பா தெரியும்," என்றார் ஆர்லிஸ்.

டென்சில் பார்க்கின் ஆபீசுக்கு ஓடினான். மிஸ் ஒனீடா டிவியில் ஏலம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க் அவளுடையது, நிலமும் குழாயும் அவளுடையவை, மேலே நிற்கிற டப்பாக்கள் மட்டும் மற்றவர்களுடையவை.

"மிஸ் ஒனீடா, என் வீட்டுக்குள்ள ஒரு பொம்பள பூந்து வேலை பாக்கறா."

"உன் வீட்டுக்குள்ள யாரும் வரல. அவ வீட்டுக்குள்ளதான் அவ வர்றா."

"அவ வீடா?"

ஒனீடா டிவி சத்தத்தைக் குறைத்தாள். இந்த மனிதனுக்கு விளக்க நேரமாகும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"டென்சில், டோர்சி உனக்கு எத்தன டைட்டில் பத்திரம் குடுத்தான்?"

"ஒண்ணு. வண்டிக்குக் குடுக்கற மாதிரி ஒண்ணு."

"டபுள்வைடு எத்தன வண்டில வரும்?"

டென்சில் தலையைச் சொறிந்தான். ரெண்டு லாரியில், ரெண்டு பாதியாக வரும். நடுவில் சேர்த்து போல்ட்டு முடுக்குவார்கள். சேருகிற இடத்துக்குத் தொழிலில் கல்யாணக்கோடு என்று பேர். ரெண்டு வண்டிக்கு ரெண்டு டைட்டில். இந்த மலைப்பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். மலிவு விலையின் மயக்கத்தில் அவனுக்கு மட்டும் மறந்துபோனது.

"டோர்சிக்கும் பொண்டாட்டிக்கும் விவாகரத்து ஆச்சில்ல? ஜட்ஜ் ஆளுக்குப் பாதின்னாரு. வீட்டையும் பாதி பண்ணிட்டாரு. டோர்சி அவன் பாதிய உன் தலையில கட்டினான். அவ தன் பாதிய வேற யாருக்கோ வித்துட்டா."

"யாருக்கு? பேரென்ன?"

"எனக்கு எதுக்கு பேரு? வசந்தகாலம் வரைக்கும் அந்தப் பாதிக்கு இடவாடகைய டோர்சி பொண்டாட்டியே கட்டிட்டுத்தான் போனா. அப்புறம் வர்றவ எவளாயிருந்தா எனக்கென்ன. நீதான் ஒழுங்கா கட்டல."

டென்சில் திரும்பி வந்து கல்யாணக்கோட்டின் மேல் நின்றான். இந்தப் பக்கம் அவனுடையது: கூடம், படுக்கையறை, கக்கூஸ், மின்சாரப் பெட்டி. அந்தப் பக்கம் அவளுடையது: சமையலறை, வெந்நீர்த் தொட்டி, தண்ணீர் வால்வு. அவன் தன் பாதியை மட்டம் பண்ணும்போதெல்லாம் அவள் பாதி சாய்ந்திருக்கிறது. அவள் நிமிர்த்தும்போதெல்லாம் இவன் பாதி. இத்தனை நாளாக ரெண்டு பேரும் ஒரே வீட்டை ஆளுக்கொரு பக்கம் ஏற்றி இறக்கி விளையாடியிருக்கிறார்கள்.

ஆர்லிஸ் தூது போனார். வேறு வேலை அவருக்கு இல்லை.

"அவ பாதிய எனக்கு வித்துடச் சொல்லுங்க."

மறுநாள் பதில் வந்தது. "உன் பாதிய அவளுக்கு வித்துடணுமாம்."

"நேர்ல வந்து பேசச் சொல்லுங்க. சனிக்கிழமை."

"சொன்னேன். வீட்டைக் கோணலாக்கி வெச்சவன் மூஞ்சியப் பாத்தா அன்னிக்குப் பூரா அவளுக்குச் சாப்பாடு இறங்காதாம்."

டென்சிலுக்குச் சுருக்கென்றது. மின்சாரப் பெட்டியைத் திறந்து அந்தப் பாதிக்குப் போகிற சுவிட்ச் எல்லாவற்றையும் கீழே தட்டினான். பூட்டும் போட்டான். மறுநாள் அவன் பக்கத்துக் குழாயில் காற்று மட்டும் வந்தது. அவள் வால்வை மூடியிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சூப் பீன்ஸும் சோளரொட்டியும். லவோனா முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கத் தரை துடைத்துவிட்டு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் பரிமாறினாள். இவன் ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும். ஒரு நாளில் அவர்கள் ரெண்டு பேரும் ஒன்றாக உட்காருவது இந்தக் கொஞ்ச நேரம்தான்.

"ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்க?" என்றாள்.

"ஆலையில ஒருத்தி. வேற ஷிஃப்ட்டு. நான் எது செஞ்சாலும் அதுக்கு நேர்மாறா செஞ்சு வெக்கிறா."

"நீ என்ன பண்ண?"

"என்ன பண்றது. விட்டுக் குடுத்துடலாம்னு பாக்கறேன்."

"அதான் உன் வியாதியே!" லவோனா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "எல்லாத்துக்கும் விட்டுக் குடுத்து விட்டுக் குடுத்துத்தான் இந்த நெலமையில நிக்கிற. ஒரு தடவையாவது நிமிந்து நில்லு. அவ ஒண்ணு செஞ்சா நீ ரெண்டு செய்யி."

டென்சிலுக்குத் தெம்பு வந்தது. இப்படி ஒரு மனைவி பக்கபலமாக இருக்கிறாள். அவளிடம்போய் மறைக்கிறோமே என்றும் உறுத்தியது. இன்னொரு சோளரொட்டி எடுத்துக்கொண்டான்.

அவ ஒண்ணு செஞ்சா நீ ரெண்டு. மறுநாளே பிளைவுட் வாங்கிவந்து கல்யாணக்கோடு நெடுகச் சுவர் அடித்தான். வாசலிலிருந்து கடைசி வரை. ஒரு எறும்பு தாண்ட முடியாது. மூன்றாம் நாள் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தான். சத்தம் கனமாக இருந்தது. பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தால், அவன் சுவருக்கு முதுகு ஒட்டி அவளும் ஒரு சுவர் அடித்திருந்தாள். பெயிண்ட்டும் பூசியிருந்தாள், வெண்ணெய் நிறத்தில்.

அந்தச் சமயத்தில்தான் குடித்தனம் கேட்டு ஒருவன் வந்தான். எரிவாயுக் குழாய் பதிக்க வந்த தாடிக்காரன். டென்சில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சுற்றிக்காட்டினான்.

"சமையல்கட்டு எங்க?"

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்."

"வழி?"

"வழி... இல்ல."

தாடிக்காரன் யோசித்தான். "அப்ப சமையல்?"

"வெளிய கிரில் போட்டுக்கலாம். நல்லா காத்தோட்டமா இருக்கும்."

"டிசம்பர்லயா?" குழாயைத் திருகினான். இருமியது. "தண்ணி?"

"அதுவும் அந்தப் பக்கம்தான்."

"அப்ப இந்தப் பக்கம் என்னதான்யா இருக்கு?"

"கரண்ட்டு," என்றான் டென்சில் பெருமையாக, சுவிட்சைப் போட்டுக் காட்டி.

தாடிக்காரனின் வண்டி கிளப்பிய புழுதி அடங்குகிற வரை ஆர்லிஸ் காத்திருந்தார். "அவளும் நேத்து ஒரு டீச்சரம்மாவ டார்ச் லைட்டோட கூட்டியாந்தா. அடுப்பு அழகு, அலமாரி அழகுன்னாங்க. கக்கூஸ் எங்கன்னு கேட்டாங்க. சுவத்தைத் தொட்டுக் காட்டினா. அந்தம்மா ஓடின ஓட்டம் இருக்கே..." சிரிப்பு இருமலாகி, குழாயைச் சரிபண்ணிக்கொண்டார். "ஒருத்திகிட்ட வாய் இருக்கு, இன்னொருத்தன்கிட்ட வயிறு இருக்கு. ரெண்டும் பேசிக்க மாட்டேங்குதுங்க."

மிஸ் ஒனீடாவே நேரில் வந்துவிட்டாள். குளிர்காலக் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக வீட்டைச் சுற்றி நடந்தாள். சாய்ந்த கூரை, விரிந்த கண்ணாடி, ரெட்டைச் சுவர்.

"எம் பார்க்குல இப்பிடி ஒரு கேவலத்தை நான் பாத்ததில்ல. டோர்சியும் அவளும் தட்டெறிஞ்சு சண்டை போட்டப்பகூட வீடு நேரா நின்னுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணா சேத்துக் காட்டுங்க, இல்லன்னா ஆளுக்கொரு பாதியத் தூக்கிட்டுக் கிளம்புங்க. அவளுக்கும் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"தூக்கிட்டுப் போறேன்னுட்டா."

அவள் தூக்கினால் தானும் தூக்க வேண்டியதுதான். பாதி வீட்டை நடுவெளியில் பிளந்து நிறுத்த முடியாது. டென்சில் யோசித்தான். எங்கே கொண்டுபோவது? சொந்த வீட்டுக்குப் பின்னால், இடிந்த புகையிலைக் கொட்டகை இருந்த மேடு ஒன்று சும்மா கிடந்தது. பாதியை அங்கே நிறுத்தி, பிளந்த பக்கத்தை மூடி, ஒரு மூலையில் அடுப்பு வைத்தால், ஒற்றை ஆள் ஒருவனாவது வாடகைக்கு வரமாட்டானா? இடவாடகையும் மிச்சம். லவோனாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அறுபது அடி நீளத் தகரப் பெட்டியைப் பீன்ஸ் பந்தல் என்று சொல்ல முடியாது.

இருந்தாலும் அன்று சாப்பிடும்போது வாய் வேறு எதையோ சொன்னது. "பின்னாடி அந்தக் கொட்டகை மேட்டைச் சுத்தம் பண்ணலாம்னு இருக்கேன்."

"நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றாள் லவோனா சட்டென்று. "முள்ளு மண்டிக் கிடக்கு. சுத்தம் பண்ணு, நல்லது."

காரணம் கேட்கவில்லை. டென்சில் அதைத் தன் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டான்.

அந்த மாவட்டத்தில் வீடு இழுக்கிற லாரி ஒன்றுதான். பர்ல் ஸ்டேம்பர் என்பவனுடையது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். டென்சில் அவனுக்கு ஃபோன் பண்ணி, பார்க்கில் வீடு நிற்கிற மனையின் எண்ணைச் சொன்னான். "வியாழக்கிழமை காலையில," என்றான் பர்ல். "எங்க இறக்கணும்கறத வந்து பேசிக்கலாம்."

புதன்கிழமை டென்சில் வீட்டுக்கு அடியில் படுத்து, கோடு நெடுக முடுக்கிய போல்ட்டுகளைக் கழற்றப் போனான். பாதி ஏற்கெனவே கழன்று ஒரு காப்பி டப்பாவில் கிடந்தது. ஒன்றுகூடத் தொலையாமல், எண்ணெய் தடவி. மேலே ஏறிப் பார்த்தான். அவன் விரியவைத்த ஜன்னலில் புதுக் கண்ணாடி இருந்தது. அவனுடைய பாதி ஜன்னல் அது. பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு போய் மின்சாரப் பெட்டியின் பூட்டைத் திறந்து, அவள் பக்கத்து சுவிட்ச்சை எல்லாம் மேலே தட்டினான். கடைசி நாளாவது வெளிச்சத்தில் வேலை செய்யட்டும்.

வியாழக்கிழமை காலையில், ஷிஃப்ட் முடிந்து கோழி நாற்றத்தோடு நேராகப் பார்க்குக்கு வந்தான். ராத்திரி மழை பெய்திருந்தது. வீடு ரெண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. அவள் பாதியின் திறந்த பக்கத்தை நீலத் தார்ப்பாயால் மூடியிருந்தாள். அவன் பாதியின் திறந்த பக்கமும் மூடியிருந்தது. ஒரே தார்ப்பாயில் வெட்டி, ஓரம் மடித்து, நெருக்க நெருக்க ஆணி அடித்து. உள்ளே கைவைத்துப் பார்த்தான். ஒரு சொட்டு ஈரமில்லை.

"சாயங்காலம் வந்து ரெண்டையும் ஜாக்கியால விலக்கி, மூடிட்டுத்தான் போனா," என்றார் ஆர்லிஸ். "அவன் பாதிய ஏன்மா மூடறன்னேன். நனைஞ்சா வீடுதான அழுகும், அவனா அழுகுவான்னா."

டென்சில் சிரித்துவிட்டான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு கைவேலை தெரிந்த ஒருத்தியோடு ஒரு மாதம் சண்டை போட்டதற்குப் பதிலாக ஒரே ஒரு நாள் ஜாக்கியை ஒன்றாகப் பிடித்திருந்தால், தாடிக்காரன் இந்நேரம் இந்தச் சமையலறையில் பன்றிக்கறி பொரித்துக்கொண்டிருப்பான். அவளைப் பார்த்தால் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். லவோனாவிடமும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கத்துவாள். கத்தட்டும். கத்தி முடித்ததும் அவளே ஒரு சுத்தியலை எடுப்பாள், அவனுக்குத் தெரியும்.

லாரி உறுமிக்கொண்டு வந்து பின்வாங்கியது. பர்ல் ஸ்டேம்பர் இறங்கினான். குட்டையான மனிதன், வாயில் மெல்லும் புகையிலை. ரெண்டு பாதியையும் ஒரு நோட்டம் விட்டான்.

"முதல்ல எதை இழுக்கறது?"

"என்னோடத. எங்கன்னு சொல்லிடறேன், வழி கொஞ்சம் சிக்கல். ஓடைப் பாலம் தாண்டி, நீலத் தபால்பெட்டி, அதுக்குப் பின்னாடி பழைய புகையிலைக் கொட்டகை மேடு..."

பர்ல் மெல்லுவதை நிறுத்தினான். தார்ப்பாயைப் பார்த்தான். டென்சிலைப் பார்த்தான். சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னான்:

"வழியெல்லாம் சொல்ல வேணாம்பா, நேத்தே அந்தப் பாதிக்காரம்மா கூட்டிட்டுப் போய் மேட்டைக் காட்டிட்டு, 'சத்தம் போடாத, எம் புருஷன் ராத்திரி ஷிஃப்ட்டு முடிச்சிட்டு உள்ள தூங்குறான், வீடு வந்து நின்னப்புறம் பாத்து அசந்து போகட்டும்'னு சொல்லுச்சு."